வாசனை வீசிய வால்வு

பிரேமிளா ஷவரைத் திறந்தாள். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு இருமியது. கடைசியில், ஊசியில் கோத்துத் தைத்துவிடலாம் போல நாலைந்து நூல் தண்ணீரை விட்டது.

"இதுல எப்படிங்க ஒரு தலையக் கழுவுறது?"

அம்ஜத் குனிந்து பார்த்தான். "கழுவலாம் அக்கா. ஒவ்வொரு முடியா எடுத்துக் கழுவோணும். பொங்கலுக்கு வந்தவங்க தீபாவளிக்கு வீட்டுக்குப் போவாங்க."

பிரேமிளா சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற துஷ்யந்தியும் சிரிக்கவில்லை. துஷ்யந்தி சிரிக்காதது அவன் மேல் உள்ள கோபத்தால் அல்ல. அது அவள் தொழிலுக்கு ஆகாது. கண்டி டவுனில் துணிக்கடை ஒன்றுக்கு மேலே ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு மாப்பிள்ளை வீடுகளைப் பற்றியும் பெண் வீடுகளைப் பற்றியும் விசாரித்துச் சொல்வது அவள் தொழில். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பே நிச்சயம் ஆகியிருந்ததா, மாமியார் வாய் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அவளுக்கு மூன்று வீதி தள்ளி நின்றே தெரிந்துவிடும். அவளால் நின்றுபோன கல்யாணங்களுக்காக ஊரில் பாதிப் பேர் அவளை வாழ்த்தினார்கள், மீதிப் பேர் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

அம்ஜத் ஒருநாள் அவளைத் தன் த்ரீவீலில் ஏற்றி இறக்கினான். அவள் எந்த வீட்டுக்குப் போனாள், ஏன் போனாள் என்று தெரியாமல் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து அவன் அவளுக்கு உதவியாளன். சம்பளத்தைவிட அடுத்த வீட்டு விஷயம்தான் அவனுக்கு முக்கியம் என்று அவன் மனைவி ருஷ்தாவே சொல்வாள்.

இப்போது அவனுக்குக் கிடைத்திருந்தது முதல் தரமான விஷயம். மஹய்யாவ மலைச் சரிவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு வீடு. மாமனார் கண்ணை மூடியதும் நடுவே ஒரு சுவரை எழுப்பி இரண்டாக்கிவிட்டார்கள். இடது பாதி மூத்த மருமகள் அன்னலட்சுமிக்கு, வலது பாதி இளைய மருமகள் பிரேமிளாவுக்கு. புருஷன்மார் இருவரும் கட்டுகஸ்தோட்டையில் ஒரே சாமான் கடையில் நாள் முழுக்கத் தோளோடு தோள் நின்று வியாபாரம் பார்ப்பார்கள். மஹய்யாவ பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் ஆகிவிடுவார்கள். உயிரோடு இருக்க அவர்கள் கண்டுபிடித்த வழி அது.

பிரேமிளா தன் பாதியில் ஒரு பியூட்டி பார்லர் நடத்தினாள். நன்றாகவே நடந்தது. அதுதான் வினை. மெயின் லைன் தண்ணீர் இரண்டு வீட்டுக்கும் பொது, அதையெல்லாம் பார்லரே குடித்துவிடுகிறது, ஆகவே பார்லரை மூட வேண்டும் என்று ஊர்ச் சண்டைகளைத் தீர்த்துவைக்கும் இணக்க சபைக்கு அன்னலட்சுமி பெட்டிசம் போட்டிருந்தாள். சனிக்கிழமை இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிப்பார்கள். தண்ணீரே வராத ஷவரைச் சபையார் வந்து பார்த்தால், பார்லர்தான் இழுத்துத் தீர்க்கிறது என்று அவர்களும் நம்பிவிடுவார்கள். அதற்குள் குற்றவாளியைப் பிடித்துத் தரத்தான் பிரேமிளா துஷ்யந்தியைக் கூப்பிட்டிருந்தாள்.

"என் தண்ணிய நெரிக்கிறதும் அவ, தண்ணி இல்லன்னு பெட்டிசம் போடுறதும் அவ," என்றாள் பிரேமிளா. "இந்த பார்லர் வர்றதுக்கு முந்தி உப்புக்கும் புளிக்கும் அவகிட்ட கை நீட்டினேங்க. ஒரு தேங்கா உடைக்கணும்னாலும் அவ தலைய ஆட்டணும். இத மூடிட்டா மறுபடி அங்க போய் நிக்கணும். அதுக்கு நான் செத்துரலாம்."

துஷ்யந்தி ஷவரின் தலையைத் திருகிக் கழற்றினாள். துளைகளில் சுண்ணாம்பு அடைத்திருந்தால் தண்ணீர் மெலியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் பிரேமிளா ஏற்கனவே அதை வினாகிரியில் ஊறவைத்துத் தேய்த்திருந்தாள். புதுக் காசு போல மின்னியது. தலையில்லாத குழாயிலும் அதே நூல்தான் வந்தது. கை கழுவும் பேசினிலும் அப்படியே. வந்து பார்த்த பைப் பாஸ் என்ற குழாய்க்காரர், பிரஷர் பம்ப் ஒன்று வாங்கினால்தான் சரிவரும் என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருந்தார்.

"ஷவர் மேல குற்றம் இல்ல," என்றாள் துஷ்யந்தி. "அது சாட்சி மட்டும்தான். குற்றவாளி மேல இருக்கு."

முன் அறையில், சுபாஜினி என்ற டீச்சர் தலை முழுக்கச் சாயத்தைப் பூசிக்கொண்டு, கழுத்தில் துவாயோடு காத்துக்கொண்டிருந்தாள். இன்னும் எவ்வளவு நேரம் என்று அவள் கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரியைக் கேளுங்கள் என்று பிரேமிளா சுவருக்குக் கேட்கும்படி சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் ணங்கென்று வைக்கப்பட்டது. பதில் வந்துவிட்டது என்று அம்ஜத் புரிந்துகொண்டான்.

அன்னலட்சுமி கதவை முழுக்கத் திறக்கவில்லை. உடம்பாலேயே வாசலை அடைத்துக்கொண்டு இருவரையும் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். இரண்டு முழங்காலிலும் துணிப்பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது.

"பொண்ணுங்க வண்டவாளத்தத் தோண்டுற பொம்பள தானே நீங்க? எனக்குக் கல்யாணம் ஆகிருச்சு. போயிட்டு வாங்க."

கல்யாண விஷயம் இல்லை, தண்ணீர் விஷயம் என்றாள் துஷ்யந்தி. உங்கள் வீட்டிலும் தண்ணீர் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன் என்றும் ஒரு பொய்யைச் சேர்த்தாள். அது வேலை செய்தது. தன் வீட்டில் தண்ணீர் வராது என்று ஊர் நினைப்பதை அன்னலட்சுமியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெட்டிசத்தில் தானே அப்படித்தான் எழுதியிருந்ததையும் மறந்து வழியை விட்டாள்.

உள்ளே நுழைந்ததும் அம்ஜத்தின் கால் விரல் ஒரு அலுமாரியில் மோதியது. அலுமாரி சுவரோடு இல்லை. நடைபாதையில் குறுக்கே, மூலையைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒரு கட்டில் ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடந்தது. வீட்டுக்காரர் படுக்க வேண்டுமென்றால் தலைமாட்டால் ஏறிக் குதித்துத்தான் ஆக வேண்டும். அடுப்பு, உப்புச் சாடி, அரிசி வாளி எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வேறெங்கோ இருந்தன. எல்லாம் வாஸ்து என்று அன்னலட்சுமி பெருமையோடு சொன்னாள். கன்னி மூலையாகிய தென்மேற்கில் பாரம் இருக்க வேண்டும். ஈசானியமாகிய வடகிழக்கில் ஒரு செங்கல் பாரம்கூடக் கூடாது. தப்பினால் வீட்டுப் பெண்ணுக்குக் கால் போய்விடும். அவளுக்கே முழங்கால் போனது அதனால்தானாம். இப்போது எல்லாவற்றையும் திருப்பி வைத்த பிறகு நோவு பாதியாகக் குறைந்துவிட்டதாம்.

அம்ஜத்தின் கண் அதற்குள் பாத்ரூம் வாசலுக்குப் போய்விட்டது. அங்கே சுவரில் ஒரு கலண்டர் மாட்டியிருந்தது. முழங்கால் உயரத்தில். அந்த வீட்டில் நாள் பார்ப்பது பூனையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். துஷ்யந்தியும் அதைப் பார்த்தாள். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டாள். அவள் அப்படித் திரும்பினால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அன்னலட்சுமி ஷவரைத் திறந்து காட்டினாள். திறந்தாள் என்றா சொல்வது. ஒரு மலை அருவியைக் கட்டவிழ்த்துவிட்டாள். தண்ணீர் வாளியில் விழுந்து, தெறித்து, அம்ஜத்தின் காற்சட்டையை நனைத்தது.

"மனசு சுத்தமா இருந்தா தண்ணி தானா வரும்," என்றாள். "அவளுக்கு வரலன்னா நான் என்ன செய்ய? ஏணி ஏறி வால்வத் திருகுறேன்னு சொல்றாளாமே. இந்தக் காலோட நான் கட்டில் ஏறுறதே பெரிய பாடு."

கூலிக்கு ஆள் வைத்திருக்கலாமே என்று அம்ஜத் வாயை விட்டான். மறுநிமிடம் இருவரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள். கதவு சாத்தப்பட்ட வேகத்தில் அதன் மேலிருந்த மாவிலைத் தோரணம் அவன் தலையில் விழுந்தது.

பின்வளவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு இரும்பு ஏணி. ஒவ்வொரு படியும் முனகியது. அவர்கள் ஏறுவதற்கு முன் பிரேமிளா ஓடிவந்து ஒரு எச்சரிக்கை விட்டுப் போனாள். தென்மேற்கு மூலையில் 'பி' என்று எழுதியிருப்பது தன்னுடைய டேங்க், அதன் வால்வை மட்டும் பார்த்தால் போதும்.

"வடகிழக்குல 'அ' போட்டிருக்கிறது அவளோடது. அதத் தொடாதீங்க, அதுக்கும் ஒரு பெட்டிசம் எழுதுவா."

சொல்லிவிட்டு, சுபாஜினி டீச்சரின் சாயம் காய்ந்துவிடும் என்று உள்ளே விரைந்தாள்.

மேலே, கொங்கிரீட் தட்டின் இரண்டு எதிர் மூலைகளில் இரண்டு கறுப்புத் தாங்கிகள். பாகம் பிரித்த அன்றைக்கு அண்ணனும் தம்பியும் வெள்ளைப் பெயின்டால் எழுதிய எழுத்துகள் இன்னும் பளிச்சென்று இருந்தன. இரண்டிலிருந்தும் புறப்பட்ட குழாய்கள் தட்டின் நடுவில் பக்கத்துப் பக்கமாக வந்து, சீமெந்து பூசிய ஒரே பெட்டிக்குள் நுழைந்து கீழே மறைந்தன.

அம்ஜத் முதலில் பிரேமிளாவின் தாங்கிக்குப் போனான். அதன் வால்வுச் சக்கரத்தில் துரு ஏறி, சிலந்தி ஒன்று வலை பின்னிக் குடித்தனம் நடத்தியது. தொட்டே பல மாதம் இருக்கும். பலத்தைக் கூட்டித் திருகிப் பார்த்தான். அது முழுக்கத் திறந்துதான் இருந்தது.

"இது வாயப் பொளந்துக்கிட்டு இரிக்கி அக்கா. இதுல ஒரு குறையும் இல்ல."

"அந்தப் பக்கத்தையும் பாரு."

"தொட வேணாம்னு செல்லிட்டுப் போனாங்களே."

"அதனாலதான்."

அன்னலட்சுமியின் தாங்கி வால்வும் துருப்பிடித்த கிழம்தான். ஆனால் அவன் கை வைத்ததும் வெண்ணெயில் விட்ட கத்தி போல வழுக்கிச் சுழன்றது. கிட்டத்தட்ட மூடியிருந்தது, இன்னும் அரைத் திருப்புத் திருப்பினால் ஒரு சொட்டுக்கூடப் போகாது. கையை எடுத்தவன் அதை மூக்குக்குக் கொண்டுபோனான். பாதாம் வாசனை. மறுபடி மோந்தான். பார்லருக்குள் காலை வைத்தபோது மேசை மேலிருந்த கண்டிஷனர் போத்தலில் இருந்து வந்த அதே வாசனை.

"அக்கா, இந்த வால்வுக்கு யாரோ கண்டிஷனர் போட்டிருக்காங்க."

துஷ்யந்தியும் குனிந்து மோந்து பார்த்தாள். இறுகிப் போன வால்வைச் சுழற்ற எண்ணெய் விடுவார்கள். கைக்கு எட்டியது கண்டிஷனர் போத்தல்தான் என்றால், அந்தக் கை எது என்று கேட்க வேண்டியதே இல்லை. தங்களைக் கூட்டிவந்தவளே இங்கே ஏறி வந்து மூத்தவளின் வால்வை நெரித்திருக்கிறாள்.

அம்ஜத் தலையைச் சொறிந்தான். அவன் அறிந்த எந்தச் சண்டையிலும் இப்படி நடந்ததில்லை. "ஆனா அக்கா, கணக்கு ஒதைக்குதே. வால்வத் தொறந்து வச்சிருக்கிறவங்க வீட்டுல நூல் வருது. வால்வ மூடி வச்சிருக்கிறவங்க வீட்டுல அருவி கொட்டுது. ஊட்டு ஆளுங்களுக்குத்தான் பைத்தியம்னு நெனச்சேன், தண்ணிக்கும் பிடிச்சிரிச்சு போல."

"தண்ணிக்கு யார் மேலயும் பகை கிடையாது. மூடு அத."

"முழுசாவா? மூத்தவங்க என்னய உயிரோட வெக்க மாட்டாங்க."

"மூடு."

மூடினான். மூடிவிட்டு, இடது பக்க வீட்டிலிருந்து வரப்போகும் வசவுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கீழே வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அன்னலட்சுமி வீட்டில் சலனமே இல்லை. பாத்திரம் கழுவும் சத்தம் நிம்மதியாகத் தொடர்ந்தது.

அப்போது வலது பக்கத்திலிருந்து ஒரு அலறல் கிளம்பியது. கண்ணு, கண்ணு எரியுது என்று சுபாஜினி டீச்சர் மஹய்யாவ முழுக்கக் கேட்கக் கத்தினாள். நுரையோடு அவள் தலையை நிறுத்தி வைத்திருந்த நேரத்தில், வந்துகொண்டிருந்த அந்த நூலும் அறுந்துவிட்டது.

அம்ஜத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, சத்தம் தப்பான வீட்டுல இருந்து வருது."

"சரியான வீட்டுல இருந்துதான் வருது," என்றாள் துஷ்யந்தி. "இப்ப முழுசாத் தொற. டீச்சருக்குப் பிள்ளைங்களுக்குப் படிப்பிக்கக் கண்ணு வேணும்."

சக்கரத்தைக் கடைசி வரை திறந்துவிட்டான். பார்லருக்குள் தண்ணீர் கொட்டும் ஓசையும் அதற்கு மேல் டீச்சரின் இரண்டாவது அலறலும் ஒன்றாகக் கேட்டன. இது வேறு ஜாதி அலறல். பல மாதமாக நூல் விட்ட ஷவர் ஒரேயடியாகத் தலையில் இறங்கினால் யாரும் அப்படித்தான் அலறுவார்கள்.

"உன் வண்டிக் குறட்டத் தந்துட்டு நீ முதல்ல எறங்கு," என்றாள் துஷ்யந்தி. ஏன் என்று கேட்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினான்.

அவன் கால் தரையைத் தொடும் முன்பே பிரேமிளா நுரைக் கையோடு பின்வளவுக்கு வந்துவிட்டாள். பாத்தீங்களா, கண்ணுக்கு முன்னாலயே மூடினாளே, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் என்று சுவரைப் பார்த்துக் கொட்டித் தீர்த்தாள். அன்னலட்சுமி தன் குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, நாடகம் பார்க்க வந்தவள் போல வசதியாக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு துளி கோபம் இல்லை. அதுதான் அம்ஜத்துக்குப் பயமாக இருந்தது.

துஷ்யந்தி கடைசிப் படியிலிருந்து இறங்கினாள். "மூடினது நான். 'பி' போட்ட டேங்க இல்ல. 'அ' போட்ட டேங்க."

பிரேமிளாவின் வாய் பாதியில் நின்றது. பிறகு பாதாம் கண்டிஷனர் போத்தலைப் பற்றித் துஷ்யந்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிரேமிளா தன் நுரைக் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு சின்னத் திருப்பு, அவ்வளவுதான் என்று முணுமுணுத்தாள். என்னைப் பேசினவளுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்றுதான். ஆனால் அவளுக்குத் தெரிந்ததாகவே இல்லை. அடுத்த நாள் பார்த்தால் தன் ஷவர்தான் இன்னும் மெலிந்திருக்கும். அவளும் திருப்பி ஏதோ செய்கிறாள் என்று நினைத்து, இவள் இன்னொரு திருப்புத் திருப்புவாள்.

"நாள் பார்க்கணும்," என்றாள் துஷ்யந்தி அன்னலட்சுமியிடம். "உங்க கலண்டரக் கொஞ்சம் பார்க்கலாமா?"

கேட்டுக்கொண்டே உள்ளே போனவளை எழுந்து தடுக்க அன்னலட்சுமியின் முழங்கால் விடவில்லை. பின்னாலேயே போன அம்ஜத் கலண்டரைத் தூக்கினான். பின்னால், மேலே பார்த்த குழாய்ப் பெட்டி கீழே இறங்கும் இடத்தில், சுவரின் பழைய நிறத்தோடு ஒட்டாமல் புதுச் சீமெந்து ஒட்டு ஒன்று தெரிந்தது.

"உப்புச் சாடியக்கூட ஈசானியத்துல வைக்காத பொம்பள," என்றாள் துஷ்யந்தி, எல்லாருக்கும் கேட்கும்படி, "தன்னோட டேங்க் முழுப் பாரத்தோட அங்கயே இருக்கிறத எப்படிப் பொறுத்தாங்கன்னு யோசிச்சேன். பொறுக்கல. குழாய மாத்திட்டாங்க. மேல எழுத்து அப்படியே இருக்கு. உள்ள தண்ணி மாறிப்போகுது."

பிரேமிளா தன் அக்காவின் பிரசவத்துக்காகக் கடுகண்ணாவைக்குப் போயிருந்த நாட்களில் ஆளைக் கூட்டிவந்து செய்த வேலை அது. அன்னலட்சுமி மறுக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை.

"கன்னி மூலை மூத்தவளுக்குத்தான் வரணும். பாகம் பிரிக்கும்போது கேட்டேன், தரல. எடுத்துக்கிட்டேன்." பிறகு பிரேமிளாவைப் பார்த்தாள். "நீ ஏணி ஏறுற சத்தம் எனக்குக் கேக்கும். ஏறு தாயி, நல்லா இறுக்கித் திருகுன்னு நெனச்சுக்குவேன். ஒரு டீயப் போட்டுக்கிட்டு ஒக்காருவேன். உன் கையாலயே உன் கழுத்த நெரிக்கிற. நான் ஏன் வந்து தடுக்கணும்?"

பிரேமிளாவின் முகம் வெளுத்தது. சனிக்கிழமை சபையில் இதைச் சொல்லாமல் விடமாட்டேன் என்றாள். சொல்லு, நானும் போத்தலைப் பற்றிச் சொல்கிறேன் என்றாள் மூத்தவள். துஷ்யந்தி இருவரையும் பேசவிட்டாள். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், மெதுவாக ஒரு வார்த்தையை வைத்தாள். ரெண்டு பேரும் சொன்னால் சபை என்ன செய்யும்? குழாயைப் பழையபடி மாற்றச் சொல்லும். 'அ' தாங்கித் தண்ணீர் மறுபடி அன்னலட்சுமிக்கு.

அன்னலட்சுமியின் கை தானாகத் தன் முழங்காலுக்குப் போனது.

"ஈசானியமா?"

"ஈசானியம்தான். முழுப் பாரத்தோட."

வெறுப்பு ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். அன்னலட்சுமி கதிரையில் நெளிந்தாள். கடைசியில், பெட்டிசத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், குழாய் இப்படியே இருக்கட்டும் என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிரேமிளா துள்ளினாள். என் டேங்கை எதற்கு விட வேண்டும் என்றாள். தண்ணீர் ஒரே மெயினிலிருந்துதான் வருகிறது, உங்களுக்கு மூலை வேண்டுமா பார்லர் வேண்டுமா என்று துஷ்யந்தி கேட்டாள்.

பிரேமிளா உள்ளே கொட்டிக்கொண்டிருந்த ஷவரின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"பார்லர்."

வாய்ப் பேச்சு வேண்டாம், இப்போதே என்றாள் துஷ்யந்தி. அன்னலட்சுமி ஃபோனை எடுத்துக் கடைக்கு அடித்து, பெட்டிசம் வேண்டாம், நாளைக்கே போய்ச் சபையில் சொல்லிவிட்டு வாருங்கள் என்று புருஷனிடம் உறுமினாள். ஸ்பீக்கரில் பதில் வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே குரலில், "சரி."

யாரும் நன்றி சொல்லவில்லை. உங்களை எனக்காகத்தானே கூப்பிட்டேன் என்று பிரேமிளா முறைத்தாள். தண்ணீர் வருகிறதல்லவா என்று கேட்டுவிட்டுத் துஷ்யந்தி நடந்தாள். அன்னலட்சுமி இந்த முறை கதவைச் சாத்தும் சிரமத்தைக்கூட எடுக்கவில்லை.

த்ரீவீலை ஸ்டார்ட் செய்த அம்ஜத் ஒரு சத்தம் கேட்டு நிறுத்தினான். வீட்டுக்குப் பின்னால் இரும்பு ஏணி முனகியது. ஒரு படி. இன்னொரு படி.

"அக்கா, சின்னவங்க ஏறுறாங்க. இப்ப அவங்களுக்கு எது யார்ட டேங்குன்னு தெரியுமே. நாளைக்கு மூத்தவங்க ஊட்டுல நூல் வரும், மறுபடி பெட்டிசம் வரும்."

"ஏறட்டும்."

துஷ்யந்தி கைப்பையைத் திறந்து அவன் மடியில் போட்டாள். இரண்டு வால்வுச் சக்கரங்கள். ஒன்று துருவும் சிலந்தி வலையுமாக. மற்றது பாதாம் வாசனையோடு. அவற்றோடு அவனுடைய குறடும், அவன் இதுவரை பார்த்திராத இன்னொரு குறடும்.

"இது யார்ட?"

"பிரேமிளாவோடது. ஏணிக்கு அடியில வச்சிருந்தா."

மேலே தட்டில் காலடி ஓசை அங்கும் இங்கும் ஓடியது. கொஞ்சம் நின்றது. கீழே குசினி வாசலிலிருந்து, தேனில் தோய்த்த குரலில், அன்னலட்சுமி கேட்டாள்:

"கெடச்சுதா பிரேமிளா?"

அம்ஜத் இரண்டு சக்கரங்களையும் கையில் எடுத்து எடை பார்த்தான்.

"இன்னும் ஒண்ணு கெடச்சா ஒரு த்ரீவீல் செஞ்சிரலாம் அக்கா."

துஷ்யந்தி முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணாடியில் அம்ஜத் பார்த்துவிட்டான். தொழிலுக்கு ஆகாத ஒன்றை அவள் அங்கே செய்துகொண்டிருந்தாள்.